டெல்மர் உள்ளே வந்த ஆட்டம்

ஆர்ம்ஸ்பி பல்கலைக்கழகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவன் டெல்மர் கின்சர். ஆனால் அந்த அணி ஆடி அவன் கண்ணால் பார்த்தது மொத்தமே நாலு ஆட்டம்தான். நாலிலும் தோல்வி.

முதல் மூன்று தோல்வியும் அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷமே நடந்தன. மூன்றாவதற்குப் பிறகு அணித்தலைவி பஸ் படியில் ஒரு கால் வைத்து நின்றுகொண்டு, "மிஸ்டர் டெல், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த ஆட்டத்துக்கு நீங்க பஸ்லயே இருந்துட்டா நல்லாருக்கும்" என்றாள். இருந்தான். ஜெயித்தார்கள். அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்து, லீக் அரையிறுதி அன்றைக்கு பஸ்ஸில் ஹீட்டர் கெட்டுப்போய், விரல் விறைத்து, சூடு காய மட்டும் உள்ளே போனான். மக்காச்சோளப் பொரி மெஷின் பக்கத்தில்தான் நின்றான். பதினான்கு புள்ளி முன்னால் இருந்த ஆர்ம்ஸ்பி, அவன் கையுறையைக் கழற்றி முடிப்பதற்குள் சரிய ஆரம்பித்துவிட்டது. அதோடு சரி. அப்புறம் ஹீட்டர் கெட்டாலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் உட்காருவான். மாணவர்கள் நடத்தும் வானொலியில் ஆட்டத்தைக் கேட்பான். ஆட வேண்டிய பெண்கள் அரங்கத்துக்குள் போகும்போது ஒவ்வொருத்தியும் பஸ்ஸின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். அப்படிப் போனால் டெல்மர் வெளியேதான் இருக்கிறான் என்று உறுதி.

இதற்கெல்லாம் அந்த ஊரில் யாரும் சிரிப்பதில்லை. அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தின் தெற்குக் கோடியில், சுண்ணாம்புக் கல் வெட்டிப் பிழைத்த ஊர் அது. சர்ச்சில் இருக்கும் இடத்தைவிட கூடைப்பந்து அரங்கத்தில் இடம் அதிகம். பனிக்காலம் முழுக்க ஒரே காலுறையைத் துவைக்காமல் போட்டுக்கொள்ளும் பாதிரியார் இருக்கிற ஊர். கோச் டார்லா மீச்சம் பதினோரு வருஷமாக ஒரே பழுப்புக் கோட்டில்தான் ஆட்டத்துக்கு வருகிறாள்.

டெல்மர் விஷயத்துக்கு ஒரு சூத்திரமே வகுத்து வைத்திருந்தார் ஹெர்ஷல் கிழவர். நாற்பது வருஷம் குவாரியில் கல் அறுத்துவிட்டு, இப்போது அரங்க வாசலில் பொரி விற்கிறவர்.

"அவனுக்குக் கெட்ட கண்ணுன்னு சொல்லாதீங்கப்பா. அவன் மனசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தோக்கும். அவ்வளவுதான். மனசு வைக்காத ஆட்டத்த அவன் நாள் முழுக்க உக்காந்து பாக்கட்டும், ஒண்ணும் ஆகாது."

அதற்குச் சாட்சியும் உண்டு. ஒருதரம் வெளியூரில், யார் எவர் என்றே தெரியாத இரண்டு அணிகள் ஆடுவதை டெல்மர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பாதி ஆட்டம் வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு அணியில் குட்டையாக, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, 'பாவம், இந்தப் பொண்ணு ஜெயிக்கட்டுமே' என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த அணி உருப்படவில்லை.

ஆர்ம்ஸ்பி சின்ன இடம். இரண்டாயிரம் பிள்ளைகள்கூடப் படிக்கவில்லை. கல் வியாபாரிகளும் சர்ச்சுமாகச் சேர்ந்து கட்டிய பல்கலைக்கழகம். ஆனால் விளையாடுவது மட்டும் நாட்டின் முதல் வரிசை அணிகளோடு. வடக்கே இருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஊரில் 'பெரிய இடம்' என்றே பெயர். பெரிய இடத்துப் பெண்கள் தனி விமானத்தில் போவார்கள். ஆர்ம்ஸ்பிப் பெண்கள் டெல்மரின் பஸ்ஸில், நீண்ட கால்களை நடைபாதையில் போட்டு, தலையணையை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்கிக்கொண்டே மூன்று மாநிலம் தாண்டுவார்கள். ஆட்டம் முடிந்து திரும்பியதும் கோச் டார்லாவே சட்டைகளைத் துவைக்கப் போடுவாள். வருஷா வருஷம் நவம்பரில் பெரிய இடங்களுக்குப் போய் அடி வாங்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்து தோற்பதற்கு அந்தப் பெரிய இடங்கள் தருகிற கூலியில்தான் பஸ்ஸுக்கு டீசல். பெரிய இடங்கள் ஒருநாளும் இங்கே வந்ததில்லை. வந்து தோற்றால் அவமானம், ஜெயித்தால் பெருமையில்லை, அவர்கள் ஏன் வருகிறார்கள்?

வசந்தம் வந்தால் மற்ற ஊரில் இலை துளிர்க்கும், ஆர்ம்ஸ்பியில் இலை உதிரும். நன்றாக ஆடுகிற பெண் எவளோ அவளுக்குப் பெரிய இடத்திலிருந்து போன் வரும். இப்போதெல்லாம் அவர்கள் கொடுக்கிற பணமும் அதிகம், போகிறதும் சுலபம். ஒரு பெண் மூன்று வருஷம் வளர்ந்து, மார்ச்சில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டி, ஏப்ரலில் பெட்டியைக் கட்டிவிடுவாள். அப்படிப் போகிற ஒவ்வொருத்தியையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவன் டெல்மர்தான். யாரும் சொல்லி அல்ல, அவனாக. மனைவி நேடின் கட்டிக் கொடுத்த ஹாம் சாண்ட்விச் பொட்டலத்தை அந்தப் பெண் கையில் கொடுத்து, "சாப்பிட்டுப் போம்மா" என்பான். ஒருத்தி மேலும் அவன் கோபப்பட்டதில்லை.

தன் சொந்த மகளைத் தவிர.

எமரி அவர்களுடைய ஒரே பிள்ளை. கொட்டகைச் சுவரில் டெல்மர் அடித்துக் கொடுத்த வளையத்தில், பொடிக்கல் கொட்டிய முற்றத்தில் பந்து பழகினவள். பொடிக்கல்லில் பந்து நேராக எழும்பாது. எந்தக் கல்லில் பட்டு எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதில் பழகிய கைக்கு மரத்தரை ஒரு பொருட்டே இல்லை. பனிக்காலத்தில் வலை விறைத்துப் போயிருக்கும். பந்து விழுந்தால் சர்க்கென்று ஒரு சத்தம் வரும். சமையலறையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து டெல்மர் அந்தச் சத்தத்தைக் கேட்பான். தொடர்ந்து வரும். நடுவில் ஒன்று தவறினால் நேடினே அடுப்படியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பாள்.

பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் அவன் உள்ளே போனதில்லை. எப்படிப் போவான்? மனசு வைக்காமல் இருக்க முடியுமா? அதற்கப்புறம் ஆர்ம்ஸ்பியில் மூன்று வருஷம். அவள் பஸ்ஸில் அவன் முதுகுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வருவாள், இறங்கி பஸ் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவாள், உள்ளே அவள் செய்ததையெல்லாம் ஒரு மாணவன் வானொலியில் கத்துவான். ஊரே பார்த்த ஆட்டத்தை அவளைப் பெற்றவன் மட்டும் பார்க்கவில்லை.

போன மார்ச்சில் ஆர்ம்ஸ்பி லீக் இறுதி ஆட்டம் வரை போயிற்று. சின்ன லீக்கில் ஜெயிக்கிற ஒரே அணிக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். இரண்டு புள்ளியில் அது கைவிட்டுப் போயிற்று. ஒரு வாரம் கழித்து எமரி சமையலறையில் வந்து நின்றாள்.

"பெரிய இடத்துலேருந்து கூப்பிட்டாங்கப்பா."

டெல்மர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். "கோச்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அழுதாங்க. அப்புறம் போன்னு சொன்னாங்க."

"அப்ப எங்கிட்ட என்ன கேக்குற?"

"நீ என்ன சொல்றேன்னு."

அவன் துணியை மடித்தான். "பஸ்ல ஒரு சீட்டு காலியாகும்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் கிளம்பிய அன்றைக்கு அவனுக்கு பஸ்ஸில் பிரேக் வேலை இருந்தது. அடியில் படுத்திருந்தான். நேடின்தான் கொண்டுபோய் விட்டாள். பிக்கப் வண்டி முற்றத்துப் பொடிக்கல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு போகிற சத்தத்தை அவன் படுத்தபடியே கேட்டான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் போனில் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது டிசம்பரில் பெரிய இடம் ஆர்ம்ஸ்பிக்கு வருகிறது. பெரிய இடத்து கோச்சுக்கு ஒரு வழக்கம்: கடைசி வருஷம் ஆடுகிற பெண் ஒவ்வொருத்திக்காகவும் அவளுடைய சொந்த ஊர்ப்பக்கம் ஒரு ஆட்டம் வைப்பது. பக்கத்து நகரத்துப் பெரிய அரங்கத்தில் வைக்கலாம் என்றார்களாம். எமரி ஒரே பிடியாக, எங்கள் ஊர்க் கல் அரங்கத்தில்தான் வேண்டும் என்றுவிட்டாள். ஊர் நம்பவில்லை. வருகிறார்கள் என்று உறுதியானதும் நாவிதர் கடையில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை.

சனிக்கிழமை காலை நேடின் நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். ஆர்ம்ஸ்பிக்கு ஆட வருகிற எந்த அணியையும் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. ஆட்டம் முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஜெயித்தாலும் தோற்றாலும் முதல் பந்தி வந்தவர்களுக்கு. மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழியும் நூடுல்ஸும் குழம்பாக ஊற்றி, கூடவே பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைத்த பீன்ஸ். கடைசியில், பெர்சிமன் என்ற காட்டுப் பழத்தில் செய்த இனிப்புப் புட்டிங். உறைபனிக்குப் பிறகு தானாக மரத்திலிருந்து விழுந்த பழமாக அக்டோபரில் பொறுக்கி, சல்லடையில் தேய்த்து, குளிர்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். அந்தக் கூழைக் கிண்டிக்கொண்டே பேசினாள்.

"மழ உறையும் போலருக்கு டெல். வாசல்ல உப்பு போடு."

"போட்டாச்சு."

"அவ சாப்பாட்டுக்கு வருவா. எதுக்க உக்காந்து மழையப் பத்திப் பேசாத."

"வேற என்ன பேசணும்?"

"மனசுல உள்ளத. ஒம் மனசுல என்ன இருக்குன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியல. அவ விட்டுட்டுப் போயிட்டான்னு நீ இன்னும் கறுவிக்கிட்டு இருக்கேன்னு நெனைக்கிறா."

"கறுவலெல்லாம் இல்ல."

"அதத்தான் அவகிட்ட சொல்லுங்கிறேன். எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

டெல்மர் பூட்ஸைக் கட்டினான். கோபம் இல்லைதான். ஆனால் வேறு ஒன்று இருந்தது, அதற்கு அவனுக்கு வார்த்தை அகப்படவில்லை. இத்தனை பெரிய ஒன்று தன் கொட்டகைச் சுவரிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறதே என்ற பயம் கலந்த ஒரு வியப்பு. அதை எப்படி ஒரு பெண் பிள்ளையிடம் சொல்வது? பஸ் சீட்டைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது.

பகல் ஒரு மணிக்கெல்லாம் பெரிய இடத்து வண்டிகள் வந்துவிட்டன. கறுப்பாக, ஜன்னல் தெரியாத, மூக்கு பளபளக்கும் இரண்டு சொகுசு பஸ். ஆட வந்தது பதினான்கு பெண்கள், கூட வந்தவர்கள் அதைப்போல இரண்டு பங்கு. முட்டிக்கு ஒருவர், கணுக்காலுக்கு ஒருவர், படம் பிடிக்க நாலு பேர், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஒருவர். ஹெர்ஷல் டெல்மரின் பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"பாத்தியா டெல்மர். நம்ம டார்லா ஒருத்தி செய்யுற வேலைக்கு எத்தன பேரு."

"அதான் பெரிய இடம்."

"அந்தச் சாப்பாட்டு ஆளு டப்பா டப்பாவா ஏதோ இறக்குறான். எங்க நேடின் புட்டிங்க விட்டுட்டு இவளுங்க புல்லத் திங்கப் போறாளுங்களா? போய்க் கேக்கவா?"

"வம்பு பண்ணாத. கெழவன் வேலையப் பாரு."

"கெழவன் வேலதான்யா வம்பு" என்று சொல்லிவிட்டு அவர் பொரி மெஷினைப் பார்க்கப் போனார்.

கறுப்பு பஸ்ஸிலிருந்து ஒரு நெட்டையான உருவம் தனியாகப் பிரிந்து, சறுக்கும் தரையில் ஓடி வந்தது. முழங்கால் வரை தொங்கும் மேலங்கி. டெல்மர் கதவைத் திறந்தான். எமரி ஏறி வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் தன் பழைய சீட்டில் உட்கார்ந்தாள்.

"இதுல இப்ப யாரு உக்கார்றா?"

"கியானா."

"அவளுக்குக் கால் நீட்ட எடம் பத்தாதே."

"பத்தல. என்னையத் திட்டிக்கிட்டேதான் வர்றா."

எமரி சிரித்தாள். கண்ணாடியில் மழை விழுந்து அப்படியே உறைந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு ப்ளேன்ல ஆளுக்கு ரெண்டு சீட்டுப்பா."

"நல்லதுதான். முட்டிக்கு நல்லது."

"தூக்கம்தான் வர்றதில்ல. யாரு ஓட்டுறாங்கன்னே தெரியாது. நம்ம பஸ்ல ஒன் தொப்பிய பாத்துக்கிட்டே தூங்கிருவேன்."

டெல்மர் ஸ்டியரிங்கைத் துடைத்தான். இதுதான் சமயம், சொல்லு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நேடினின் குரல் மாதிரியே இருந்தது.

"உள்ள வாப்பா" என்றாள் எமரி. "இன்னைக்கு ஒருநாள். நான் ஆடுறத நீ ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

"எப்புட்றீ வர்றது? நான் உள்ள வந்தா இந்தப் பொண்ணுங்க கதி என்ன? பஸ்ல முதுகு வலிச்சு, ராத்திரி முழிச்சு, அதுங்க படுற பாடு ஒனக்குத் தெரியாதா? அதுங்களுக்கு இப்படி ஒரு நாள் திரும்ப வருமா?"

"தெரியும்பா. நானும் பட்டவதான்." அவள் எழுந்து படியில் இறங்கினாள். அங்கே நின்று திரும்பினாள். "நான் ஜெயிக்கணும்னு ஒனக்குத் தோணினதே இல்லையா?"

அவன் மறுபடியும் ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

"சரி. நீ அவங்க பக்கம். எனக்கு மார்ச்சுலயே தெரியும்."

பஸ்ஸின் மூக்கைத் தட்டாமல் நேராக நடந்து போய்விட்டாள். தட்ட வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை, அவள் வேறு பஸ்ஸில் வந்தவள். ஆனாலும் டெல்மர் அந்த இரண்டு தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்ததும், அது வராததும் அவன் நெஞ்சில் குத்தின.

வானொலியில் ஆட்டம் ஆரம்பித்தது. அறிவிப்பாளப் பையனுக்குத் தொண்டை அப்போதே கட்டியிருந்தது. எமரி, எமரி, மறுபடியும் எமரி என்றான். கூட்டம் அவளுக்கும் கைதட்டியது, ஆர்ம்ஸ்பிக்கும் கைதட்டியது. இடைவேளையில் பெரிய இடம் ஒன்பது முன்னால். நாலு பகுதியில் மூன்றாவது முடியும்போது பதினைந்து. ஆர்ம்ஸ்பிப் பெண்கள் மூச்சுவாங்குவது ஒலிபெருக்கியிலேயே கேட்டது. மாற்றி மாற்றி இறக்க அவர்களிடம் மொத்தமே எட்டுப் பேர்தான்.

ஜன்னலில் டமடமவென்று தட்டினார் ஹெர்ஷல்.

"எறங்கு."

"எதுக்கு?"

"கோச் டார்லா சொல்லி அனுப்பிச்சா. 'டெல்மர உள்ள கூட்டிட்டு வாங்க, ஒரு அப்பன் மகள பாக்கணும்'னு. ஆட்டத்துக்கு நடுவுல, அந்தக் கோட்டோட, என் பொரி மெஷின் வரைக்கும் ஓடியாந்து சொல்லிட்டுப் போறா."

"நான் வந்தா…"

"யோவ், பதினஞ்சு பின்னாடி கெடக்கு. இதுக்கு மேல நீ வந்து என்னத்தக் கெடுக்கப் போற? எறங்குய்யா. குளிருது எனக்கு."

டெல்மர் இறங்கினான். பத்தொன்பது வருஷப் பழக்கம் காலைப் பின்னால் இழுத்தது. கதவைத் தள்ளி உள்ளே போனதும் சூடும் பொரி வாசமும் சத்தமும் ஒன்றாக வந்து மேலே மோதின. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரும் அக்கம்பக்கத்து ஊரும் இருந்தன. அவன் அப்பா காலத்தில் அறுத்த கல்லால் எழுப்பிய சுவர்களில் வியர்வை பூத்திருந்தது. ஹெர்ஷல் அவனை வாசலோரத்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

முதலில் அது தன் மகள் என்றே அவனுக்குப் படவில்லை. வீட்டில் எமரி வாசல்படியில் இடித்துக்கொள்வாள், கோப்பையைத் தட்டிவிடுவாள். இங்கே இருந்தவளுக்கு உடம்பில் ஒரு எலும்புகூட இடைஞ்சலாக இல்லை. பந்து அவள் கைக்கு வருவதற்கு முன்பே அது எங்கே போகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அவள் பாதி அடி பின்வாங்கி, எழும்பி, மேலேயே கொஞ்ச நேரம் தங்கினாள். மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள், அவள் இன்னும் இறங்கவில்லை. பந்து வலைக்குள் போயிற்று. சர்க். கூட்டச் சத்தத்தில் அது கேட்டிருக்கவே முடியாது. ஆனால் டெல்மருக்குக் கேட்டது.

வானொலிப் பையன் இத்தனை வருஷம் கத்தியது எதுவும் இதில் கால்வாசிகூட இல்லை. டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சர்ச்சில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தான். நானும் நேடினும் இதையா பெற்றோம் என்று நினைத்தான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

பிறகு மெல்ல ஏதோ நடந்தது. எமரியின் கூட்டாளி ஒருத்தி, யாரும் தொடாமலே பந்தைக் கை நழுவ விட்டாள். கியானா அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பெரிய இடத்துப் பெண்கள் மரத்தரையில் வழுக்கினார்கள், கூடைக்கு நேராக நின்று தவறவிட்டார்கள். பதினைந்து பத்தாயிற்று, பத்து ஆறாயிற்று. ஆர்ம்ஸ்பிப் பெண்கள் எங்கிருந்தோ கால் முளைத்து ஓடினார்கள். எமரி மட்டும் தனியாளாக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தாள். ஊர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது.

டெல்மர் மடியிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்தான். ஆறு நாலாயிற்று. அவன் தன்னையே கேட்டுக்கொண்டான்: தோற்பது யார்? நான் உள்ளே இருக்கிறேன், தோற்றுக்கொண்டிருப்பது யார்? பத்தொன்பது வருஷத்துச் சூத்திரம் அவன் முகத்துக்கு நேராக நின்றது. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

ஹெர்ஷல் கையைப் பிடித்தார். "எங்க போற?"

"பஸ்ஸுக்கு."

"கிறுக்கா ஒனக்கு? நம்ம பொண்ணுங்க ஜெயிக்கப் போறாங்கய்யா. இதுல நீ என்னத்துக்கு வெளிய…" அவர் வாய் பாதியில் நின்றது. டெல்மரின் முகத்தைப் பார்த்தார். ஸ்கோர் பலகையைப் பார்த்தார். மறுபடியும் டெல்மரைப் பார்த்தார். "அட" என்றார். கையை மெதுவாக விட்டார்.

அதற்குள் ஆர்ம்ஸ்பி ஒரு புள்ளி முன்னால் வந்துவிட்டது. சில நொடிகள்தான் பாக்கி. பெரிய இடத்து கோச் டைம் அவுட் கேட்டார். பந்து அவர்களுடையது, கடைசி எறி யாருடையது என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டெல்மர் கதவின் பிடியில் கை வைத்திருந்தான். ஒரே ஒரு தள்ளு, வெளியே போய்விடலாம், அவள் ஜெயித்துவிடுவாள். கடைசியாக ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

எமரி தன் கூட்டத்துக்கு நடுவே தலையை உயர்த்தி, நேராக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியோடும் கதவில் கையோடும் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். அவன் எதற்காக ஓடுகிறான் என்று அந்த ஊரில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் முகம் ஒருமாதிரி கலைந்தது. பிறகு கையை நீட்டி, பெஞ்சைக் காட்டினாள். உக்காரு.

அவன் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.

உக்காருப்பா என்று உதடு அசைந்தது.

டெல்மர் உட்கார்ந்தான். விசில் ஒலித்தது. பந்து அவளிடம் வந்தது. அவள் எழும்பினாள், மேலே தங்கினாள், பந்து கையை விட்டுப் போனது. வளையத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று வந்து, வெளியே விழுந்தது.

அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்லி முடியாது. கல் சுவர் அதிர்ந்தது. பாதிரியார் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். கோச் டார்லா பழுப்புக் கோட்டில் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கியானாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹெர்ஷல் மட்டும் கத்தாமல் டெல்மரின் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சர்ச் கீழ்த்தளத்தில் வழக்கம்போல முதல் பந்தி வந்தவர்களுக்கு. பெரிய இடத்துப் பெண்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் வந்தார்கள். சாப்பாட்டு ஆள் டப்பாக்களோடு ஒரு ஓரமாக நின்றான். கோழிக் குழம்பின் ஆவி எழும்பியதும் அவனுடைய டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவனே ஒரு தட்டை எடுத்தான். விருந்தாளி வரிசையில் எமரி நின்றாள், பிறந்ததிலிருந்து சாப்பிட்ட இடத்தில், முதல் தடவையாக விருந்தாளியாக. நேடின் மகளை உற்றுப் பார்த்துவிட்டு, புட்டிங்கில் ஓரம் முறுகிய மூலைத் துண்டாக வெட்டி வைத்தாள்.

எமரி தட்டோடு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

"நீ உள்ள வந்த" என்றாள்.

"வந்தேன்."

"நாங்க தோத்துட்டோம்."

"பாத்தேன்."

அவள் கரண்டியால் புட்டிங்கைக் கிளறினாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் அதோடு வந்தது. "பதினஞ்சு புள்ளிப்பா. பதினஞ்சு புள்ளிய காலி பண்ணிட்ட."

"வெளிய போகத்தானே பாத்தேன். நீதான் உக்காருன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

பக்கத்து மேஜையிலிருந்து ஹெர்ஷல் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "இனிமே நீ இல்லேன்னு சொல்ல முடியாது டெல்மர். ரெண்டாயிரம் பேரு சாட்சி. பத்தொம்போது வருஷமா எங்க பஸ்ஸ ஓட்டிக்கிட்டு, மனச எங்க வச்சிருந்தேன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு." கூடம் முழுக்கச் சிரித்தது. கியானா எழுந்து வந்து டெல்மரின் தொப்பியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, "ரொம்ப நன்றி மிஸ்டர் டெல், எப்பவும் இப்படியே இருங்க" என்றாள்.

டெல்மர் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அடுத்து எப்ப ஆட்டம் உங்களுக்கு?"

"ஜனவரியில. எங்க ஊருல. ஏன், வரப்போறியா?"

"வரலாம்னுதான்."

"உள்ளயா?"

"சேச்சே. நீ ஜெயிக்க வேணாமா?"

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, ஆர்ம்ஸ்பிக்கு ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, பெரிய இடத்து அரங்கத்தின் கடல் போன்ற கார் நிறுத்தத்தில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. பனி பொழிந்துகொண்டிருந்தது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஃப்ளாஸ்க் காபியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். காவலாளி வந்து, உள்ளே இடம் இருக்கிறதே, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஆட வேண்டிய பெண்கள் வேறு வாசல் வழியாக எப்போதோ உள்ளே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி மட்டும் நீண்ட மேலங்கியோடு பனியில் திரும்ப வெளியே வந்தாள். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து, அந்த பிக்கப்பின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஆடப் போனாள்.